மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பிசகாமல் ஓட்டுவது எப்படி: லண்டன் பெரிய கடிகாரம் காட்டும் வழி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் வடகோடியில் நிற்கும் 96 மீட்டர் கோபுரத்தை ஊரே பிக் பென் என்கிறது. அந்தப் பெயர் உள்ளே தொங்கும் பெரிய மணிக்கு மட்டுமே உரியது. கோபுரத்தின் பெயர் 2012 முதல் எலிசபெத் கோபுரம். இயந்திரத்தின் பெயர் பெரிய கடிகாரம். மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் மணிக்கூண்டு வேலையில் முதல் பாடம். கட்டடம், இயந்திரம், மணி மூன்றுக்கும் வருகிற கோளாறுகள் வேறு, வைத்தியமும் வேறு.

பழைய அரண்மனை 1834 அக்டோபர் 16 அன்று எரிந்தது. புதிய கட்டடத்தை சார்லஸ் பாரி வடிவமைத்தார். கோபுரத்தின் அழகு அகஸ்டஸ் பியூஜினின் கைவண்ணம். 1843இல் கோபுர வேலை தொடங்கியது. 1859 மே 31 அன்று கடிகாரம் ஓடத் தொடங்கியது. இன்றும் அதே இயந்திரம், எடையின் இழுப்பில், ஊசலின் கட்டுப்பாட்டில் ஓடுகிறது. ஒரு மணிக்கூண்டுக்கு வரக்கூடிய கோளாறு ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு கோபுரத்தில் வந்து போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்ற பதிவும் இருக்கிறது. அதனால்தான் எடையால் ஓடும் எந்தக் கடிகாரத்தைப் பராமரிக்கப் போகிறவருக்கும் இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

முதலில் இயந்திரத்தைப் படியுங்கள்

எந்த மணிக்கூண்டுக்குள் போனாலும் கையை வைக்கும் முன் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். எத்தனை உருளைகளில் வடம் சுற்றியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஓர் உருளை என்றால் முள் மட்டும் ஓடும். இரண்டு என்றால் மணியும் அடிக்கும். மூன்று என்றால் கால் மணிக்கொரு முறை மெட்டும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்று. நடுவில் நேரம் காட்டும் சக்கரத் தொகுதி, இரு புறமும் கால்மணிக்கும் முழுமணிக்குமான தொகுதிகள். எல்லாமாகச் சேர்ந்து 5 டன் எடை. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எடை, தனி வடம். ஒன்று நின்றாலும் மற்றவை ஓடலாம். மணி அடிக்கவில்லை என்று புகார் வந்தால் ஊசலை நோண்டாதீர்கள், ஊசலுக்கு அதில் பங்கே இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு முதலில் ஒலித்தது கேம்பிரிட்ஜில், 1793இல், செயின்ட் மேரி தேவாலயத்தில். கால் மணிக்கு 4 அடி, அரைக்கு 8, முக்காலுக்கு 12, முழு மணிக்கு 16. ஒரு மணி நேரத்துக்கு 40, ஒரு நாளைக்கு 960. இதோடு முழு மணி எண்ணிக்கை 156. சென்னை ரிப்பன் கட்டடத்தில் 1913இல் பொருத்திய கடிகாரமும் இதே மெட்டைச் சேர்ந்ததுதான். இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். மணியடிக்கும் பக்கம் தேய்வதும் உடைவதும் முள் ஓட்டும் பக்கத்தைவிட ஏன் அதிகம் என்பதற்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது.

சாவி கொடுப்பது

வெஸ்ட்மின்ஸ்டரில் வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, சாவி கொடுக்கிறார்கள். மணியடிக்கும் இரண்டு தொகுதிகளுக்கும் 1913இலேயே மின்மோட்டார் வந்துவிட்டது. நேரம் காட்டும் தொகுதிக்கு மட்டும் இன்றும் கைதான். கையால் சுற்றுகிறவர் வடத்தின் இறுக்கத்தையும் சக்கரத்தின் சத்தத்தையும் வாரத்தில் மூன்று முறை உள்ளங்கையிலேயே உணர்கிறார். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. உங்கள் ஊர்க் கடிகாரத்துக்கு மோட்டார் வைக்க நினைத்தால், நடுத் தொகுதியைக் கைக்கே விடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கால்மணி அடித்து முடிந்தவுடன் தொடங்குங்கள், அடுத்த அடிக்கு முழுசாகப் பதினான்கு நிமிடம் கிடைக்கும். மணியடிக்கும் தொகுதியின் கைப்பிடி மாட்டியிருக்கும்போது அடி தொடங்கினால், உருளையோடு சேர்ந்து கைப்பிடியும் சுழலும். இரும்புக் கைப்பிடி முழங்கையில் பட்டால் எலும்பு முறியும். அதனால் அடிக்க 2 நிமிடம் இருக்கும்போதே கைப்பிடியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

நடுத் தொகுதியைச் சுற்றும் நேரத்தில் எடையின் இழுப்பு சக்கரங்களுக்குப் போகாது. அந்தச் சில நிமிடங்களுக்கு மாற்று இழுப்பு தர ஒரு நெம்புகோலோ சிறு எடையோ இயந்திரத்திலேயே இருக்கும். பழைய கடிகாரங்களில் அந்த நெம்புகோலைத் தூக்கினால்தான் கைப்பிடி மாட்டும் துளையே திறக்கும். யாரோ வசதிக்காக அந்த மூடியைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்பப் பொருத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை சாவி கொடுக்கும்போதும் கடிகாரம் சில வினாடி இழக்கும், காரணம் தெரியாமல் ஊசலைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

சுற்றும்போது எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கைதான் வரவேண்டும். குறைந்தால் வடம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. கூடினால் கடிகாரம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடியிருக்கிறது அல்லது வடம் நழுவியிருக்கிறது. குறியிட்ட இடம் வந்ததும் நிறுத்தி, கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு விட்டு, தடைப்பல் சக்கரத்தின் பல்லில் அமர்வதைக் காதால் கேட்டபின்தான் கையை எடுக்க வேண்டும். வடத்தைப் பழைய துணியால் பிடித்தபடி ஓட விட்டால் அறுந்த இழை துணியில் சிக்கும். வெறுங்கையால் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

எடை இறங்கும் குழியின் அடியில் மணல் நிரப்பிய பெட்டி இருக்க வேண்டும். வடம் அறுந்தால் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு தளங்களைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். பல இடங்களில் அந்தக் குழியைப் பழைய சாமான் போடும் அறையாக்கி வைத்திருப்பார்கள். அதைக் காலி செய்வது உங்கள் முதல் வார வேலை.

நேரம் பார்ப்பது

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முழு மணி என்பது மெட்டு தொடங்கும் கணம் அல்ல. 16 அடி மெட்டு முன்னாலேயே தொடங்கி முடிந்துவிடும். பெரிய மணியின் முதல் அடி விழும் கணம்தான் மணி. கடிகாரத்துக்கு நிபந்தனை எழுதிய அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி கேட்டதும் அதையேதான்: முழு மணியின் முதல் அடி நாளொன்றுக்கு ஒரு வினாடிக்குள் சரியாக விழ வேண்டும். அந்தக் காலத்துக் கடிகாரக்காரர்கள் பலர், இவ்வளவு பெரிய முள்ளை வெயிலிலும் காற்றிலும் ஓட்டும் கடிகாரத்தில் அது நடக்காத காரியம் என்றார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஜிபிஎஸ் நேரம் காட்டும் கருவி ஒன்றோடு இயந்திர அறையில் நில்லுங்கள். சுத்தியலை இழுக்கும் கம்பி விடுபடும் கணத்தைக் கண்ணால் பிடியுங்கள். தெருவில் நின்று காதால் கேட்டால் சத்தம் வந்து சேரும் தாமதமும் சேரும், 340 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வினாடி. பிக் பென்னின் ஒலி 1923 டிசம்பர் 31 அன்று முதன்முதலாக வானொலியில் ஒலித்தது. அன்றைய நேரடி ஒலிபரப்பில், சில தெரு தள்ளி நின்றவருக்கு முன்பே தொலைவில் இருந்த வானொலிக்காரருக்கு அந்த அடி கேட்டிருக்கலாம்.

பார்த்த வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எத்தனை வினாடி முந்தல் அல்லது பிந்தல், அறையின் வெப்பநிலை, காற்று எப்படி, கை வைத்த வேலை என்ன. ஒரு வாரமாவது எழுதும் வரை எதையும் திருத்தாதீர்கள். ஒரு நாள் பிசகு கடிகாரத்தின் குணத்தைச் சொல்லாது, ஏழு நாள் வரிசைதான் சொல்லும்.

காசு வைத்துத் திருத்துவது

பெரிய கடிகாரத்தின் ஊசல் 300 கிலோவை ஒட்டிய எடை. ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போக 2 வினாடி. அந்தக் கணக்குக்கு ஊசலின் பயன்நீளம் ஏறத்தாழ 3.98 மீட்டர். ஊசல் தண்டின் நடுவே ஒரு சிறு தட்டு. அதில் பழைய பென்னி காசுகள் அடுக்கியிருக்கும். ஒரு காசின் எடை 9.4 கிராம். அதைக் கூடுதலாக வைத்தால் கடிகாரம் நாளுக்கு 0.4 வினாடி வேகமாகும், எடுத்தால் அதே அளவு மெதுவாகும்.

300 கிலோவில் 9 கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஊசல் தண்டின் அடியில் தொங்கும் கனத்த குண்டுக்கு மேலே எடை சேர்த்தால் மொத்த எடையின் மையம் ஒரு மயிரிழை மேலே போகிறது. ஊசல் அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டதுபோல் ஆடுகிறது. குட்டை ஊசல் வேகமாக ஆடும். சேர்த்த எடை, தொங்கும் இடத்துக்கும் குண்டின் மையத்துக்கும் சரி பாதியில் இருந்தால்தான் விளைவு அதிகம். அதனால்தான் தட்டு நடுவில் இருக்கிறது. நடுவில் வைத்தால் இன்னொரு நன்மை: தட்டு சில மில்லிமீட்டர் மேலே கீழே இருந்தாலும் கணக்கு மாறாது.

உங்கள் கடிகாரத்துக்குக் காசின் எடையை இப்படிக் கண்டுபிடியுங்கள். குண்டின் எடையைக் கிராமில் எழுதி, 8ஆல் பெருக்கி, 86,400ஆல் வகுத்தால், நாளுக்கு 1 வினாடி மாற்றத் தேவையான எடை வரும். 50 கிலோ குண்டு என்றால் 4.6 கிராம். 100 கிலோ என்றால் 9.3 கிராம். இது எளிய ஊசலுக்கான கணக்கு. தண்டின் எடையைப் பொறுத்துச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். அதனால் ஒரே அளவுப் பித்தளை வில்லைகளாகப் பத்து வெட்டி வைத்து, ஒன்றை வைத்து நான்கு நாள் பார்த்து உண்மையான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு வில்லை வேண்டாம், துருப்பிடித்து எடை மாறும்.

குண்டுக்குக் கீழே இருக்கும் திருகை ஏன் தொடக்கூடாது என்று கேட்பீர்கள். 2 வினாடி ஊசலில், நாளுக்கு 1 வினாடி மாற்ற நீளத்தில் 0.09 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். 1.5 வினாடி ஊசலில் 0.05 மில்லிமீட்டர். ஒரு வினாடி ஊசலில் 0.023 மில்லிமீட்டர்தான். ஒரு வினாடி ஊசலில் 1 மில்லிமீட்டர் புரியுள்ள திருகை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் நாளுக்கு 43 வினாடி தாவும். அதோடு திருக வேண்டுமானால் ஊசலை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நேரம் போகும், திருகும்போது மேலே தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு முறுக்கேறும். அந்தத் தகடு முறுக்கேறினால் ஊசல் நேராக ஆடாமல் எட்டுப் போட ஆரம்பிக்கும். திருகு முதல் நாள் வேலைக்கு, காசு அன்றாட வேலைக்கு.

இரண்டு விதமான திருத்தத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடிகாரம் தினமும் 1.2 வினாடி முந்துகிறது என்றால் ஓட்டமே தவறு, 3 காசு எடுத்து அப்படியே விட்டுவிட வேண்டும். ஓட்டம் சரி, ஆனால் ஏதோ காரணத்தால் 2 வினாடி பின்தங்கி நிற்கிறது என்றால், 5 காசு வைத்து, 24 மணி நேரம் கழித்து அதே 5 காசையும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் மறுநாள் 2 வினாடி முந்தியிருக்கும். அதனால்தான் வைக்கும்போதே நோட்டில் எடுக்க வேண்டிய நாளையும் எழுதுவது. காசை மேலிருந்து போடாதீர்கள். ஆடுகிற தண்டோடு கையும் சேர்ந்து நகர, விரல் நுனியால் மெல்ல வையுங்கள்.

வெயில்

இரும்புத் தண்டுள்ள ஊசல், வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு ஏறத்தாழ அரை வினாடி பிந்தும். பித்தளைத் தண்டு 0.8 வினாடி. மரத் தண்டு அதில் கால்வாசிதான், ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் ஊதும், மெழுகோ வார்னிஷோ பூசாமல் பயனில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஊசலில் இரும்புக் குழாய்க்குள் துத்தநாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். இரும்பு கீழ்நோக்கி நீளும்போது, அதைவிட அதிகம் நீளும் துத்தநாகம் குண்டை மேலே தூக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி நீளம் அப்படியே நிற்கும். உங்கள் கடிகாரத்தில் இந்த ஏற்பாடு இல்லையென்றால் சித்திரை, வைகாசியில் பிந்துவதும் மார்கழியில் முந்துவதும் இயல்பு. கோடைக்கு இத்தனை வில்லை, குளிருக்கு இத்தனை என்று ஓர் ஆண்டு நோட்டிலிருந்து அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஊசல் இருக்கும் அறையின் மேற்கு ஜன்னலை அடைப்பது அதைவிடப் பெரிய உதவி.

முள்ளும் காற்றும்

மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கும் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரின் நான்கு முகப்புகளும் 7 மீட்டர் விட்டம். நிமிட முள் 4.2 மீட்டர். எட்டு முள்ளும் வெட்டவெளியில் நிற்கின்றன. காற்று ஒரு பக்கம் முள்ளைத் தள்ளும், மறு பக்கம் தடுக்கும். அந்தத் தள்ளலும் தடுப்பும் பல்சக்கரங்கள் வழியே ஊசல் வரை போனால் ஒரு வினாடித் துல்லியம் கனவுதான்.

இதற்கு வழி கண்டவர் எட்மண்ட் பெக்கெட் டெனிசன். தொழிலால் வழக்கறிஞர். கடிகாரத்தை எட்வர்ட் ஜான் டென்ட் செய்யத் தொடங்கி, 1853இல் அவர் இறந்தபின் வளர்ப்பு மகன் ஃபிரெடரிக் 1854இல் முடித்தார். கோபுரம் தயாராகாததால் கடிகாரம் ஐந்து ஆண்டு காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு வரமாயிற்று. அந்த ஆண்டுகளில் டெனிசன் சோதித்துச் சோதித்து எடைக்கை விடுவிப்பு அமைப்பை உருவாக்கினார். சக்கரங்கள் ஊசலைத் தள்ளுவதே இல்லை. இரண்டு சிறு கைகளைத் தூக்கி வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. ஊசல் வந்து கையை விடுவிக்க, கை தன் சொந்த எடையால் மட்டும் இறங்கி ஊசலைத் தள்ளுகிறது. சக்கரம் பலமாகத் தூக்கினாலும் தடுமாறித் தூக்கினாலும் கை இறங்கும் தூரம் ஒன்றே, எடை ஒன்றே. அதனால் ஊசலுக்குக் கிடைக்கும் தள்ளல் எப்போதும் சமம். பின்னர் உலகெங்கும் நல்ல மணிக்கூண்டுகளுக்குள் இந்த அமைப்பு போய்ச்சேர்ந்தது.

உங்கள் கடிகாரத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கால்கள் நட்சத்திரம்போல் நீண்ட இரண்டு தகடுகளும், ஊசல் தண்டின் இரு புறமும் தொங்கும் இரண்டு கைகளும் தெரிந்தால் இருக்கிறது. இருந்தால் கைகளின் எடையை மாற்றாதீர்கள், வளைக்காதீர்கள். கால்கள் அமரும் சிறு தட்டுகள் சுத்தமாக இருந்தால் போதும்.

இருந்தாலும் முள் ஓரளவுக்கு மேல் சுமந்தால் எந்த அமைப்பும் திணறும். 1949 ஆகஸ்டில் மைனா இனப் பறவைகள் கூட்டமாக நிமிட முள்மேல் உட்கார்ந்து கடிகாரத்தை நாலரை நிமிடம் பின்னுக்கு இழுத்தன. 1962 டிசம்பர் 31 இரவில் முட்களில் பனி உறைந்து, புத்தாண்டு மணி ஏறத்தாழ 10 நிமிடம் தாமதமாக அடித்தது. நம் பக்கம் பனி இல்லை, புறா இருக்கிறது. முகப்புக்குப் பின்னால் கூடு கட்டி, முள்ளின் அச்சு வெளிவரும் துளையில் எச்சமும் சுள்ளியும் அடைப்பது அன்றாடக் கதை. துளையைச் சுற்றித் தோல் அல்லது ரப்பர் வளையம், பின்பக்கத் திறப்புகளுக்கு நெருக்கமான வலை, இரண்டும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியிலேயே இந்த வேலையை முடியுங்கள்.

முள்ளின் எடையும் அப்படித்தான். வெஸ்ட்மின்ஸ்டரில் முதலில் பொருத்திய வார்ப்பிரும்பு முட்களைக் கடிகாரத்தால் நகர்த்த முடியவில்லை. மணிநேர முள்ளைப் பீரங்கி வெண்கலத்திலும், நிமிட முள்ளை உள்ளே கூடான செப்புத் தகட்டிலும் மாற்றியபின்தான் ஓடியது. பழைய முள் உடைந்ததென்று பட்டறையில் கனத்த இரும்புத் தகட்டில் வெட்டி மாட்டுவது கடிகாரத்தைக் கொல்லும் வழி. புது முள் பழையதின் எடைக்கு மேல் போகக்கூடாது. உள்பக்க எதிர்எடையும் சரியாக இருக்க வேண்டும். சோதிக்க, முள்ளை இயந்திரத்திலிருந்து விடுவித்து 3, 6, 9, 12 என நான்கு நிலையிலும் நிறுத்தி விடுங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தானாக 6க்கு இறங்கினால் எதிர்எடை போதாது. அப்படிப்பட்ட கடிகாரம் 15 முதல் 30 வரை ஓடி, 35 முதல் 55 வரைக்குள் எங்காவது நின்றுவிடும். முள் ஏறும் பக்கத்தில் நின்ற கடிகாரத்தைப் பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

மணியும் சுத்தியலும்

பெரிய மணியின் கதை இரண்டு விரிசல்களின் கதை. முதல் மணி 1856 ஆகஸ்டில் ஸ்டாக்டன் அருகே நார்ட்டனில் வார்க்கப்பட்டது, 16 டன். 1857 அக்டோபரில் கீழே தொங்கவிட்டு அடித்துச் சோதித்தபோது விரிந்தது. அதை உடைத்து உருக்கி, 1858 ஏப்ரல் 10 அன்று லண்டன் வைட்சேப்பல் வார்ப்படச் சாலையில் ஜார்ஜ் மியர்ஸ் இரண்டாவது மணியை வார்த்தார். 13.7 டன், 2.7 மீட்டர் விட்டம், 2.2 மீட்டர் உயரம். 1859 ஜூலை 11 அன்று முதன்முறை அடித்தது. செப்டம்பரிலேயே அதுவும் விரிந்தது. மணி தாங்கும் என்று வார்ப்படக்காரர் சொன்ன உச்ச எடையைப்போல் இரு மடங்குக்கு மேலான சுத்தியலைப் பொருத்தச் செய்திருந்தார் டெனிசன்.

நான்கு ஆண்டு பெரிய மணி மௌனம். கால்மணி அடிக்கும் மணிகளில் பெரியதை வைத்து முழு மணியைச் சொன்னார்கள். பிறகு வானியலாளர் ஏரி தந்த தீர்வு எளிமையானது. மணியைச் சற்றுத் திருப்பித் தொங்கவிட்டு, சுத்தியல் விரிசல் இல்லாத இடத்தில் விழும்படி செய்தார்கள். சுத்தியலின் எடையைக் குறைத்தார்கள், இன்று அது 200 கிலோ. விரிசலின் முனையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி எடுத்து, அது மேலே ஓடாமல் தடுத்தார்கள். இன்று உலகம் கேட்கும் அந்தச் சற்றே கரகரத்த நாதம் அந்த விரிசலோடு கூடியதுதான்.

மணி வெண்கலம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய உலோகம். தகரம் கூடும்போது நாதம் கூடும், நொறுங்கும் குணமும் கூடும். அதனால் சத்தம் போதவில்லை என்று சுத்தியலைக் கனமாக்காதீர்கள். சத்தம் குறைந்தால் முதலில் மூன்று இடத்தைப் பாருங்கள். அடித்துத் திரும்பிய சுத்தியல் மணியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா? நின்றால் நாதம் அமுங்கும், அதிர்கிற மணி சுத்தியலில் மோதி மோதி அந்த இடமே விரியும். பின்னுக்குத் தள்ளும் சுருள்வில்லையோ ரப்பர் தாங்கியையோ சரிசெய்து, ஓய்வு நிலையில் இடையே வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். அடுத்து, இழுக்கும் கம்பி தளர்ந்து சுத்தியல் முழு உயரம் எழவில்லையா? மூன்றாவது, மணியைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா? வருடம் ஒருமுறை மரச் சுத்தியால் விளிம்பைச் சுற்றிலும் பன்னிரண்டு இடத்தில் மெல்லத் தட்டுங்கள். எங்காவது நாதம் திடீரென்று கட்டையாகக் கேட்டால் அன்றே அடிப்பதை நிறுத்துங்கள். அடிபட்ட இடம் குழிந்திருந்தால் மணியைத் திருப்பித் தொங்கவிடும் காலம் வந்துவிட்டது. மணிக் கூடத்துக்குள் போகுமுன் காதடைப்பான் போடுவது கட்டாயம், அடிக்கும் கருவியைப் பூட்டிவிட்டுப் போவது அதைவிடக் கட்டாயம்.

1976 ஆகஸ்ட் 5, அதிகாலை 3.45

மணியடிக்கும் தொகுதிகளுக்கு ஊசல் கிடையாது. அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்றைத் தள்ளிக்கொண்டு சுழலும் அகலத் தகடுகள், கடிகாரக்காரர்கள் வழக்கில் விசிறி. எடை இழுக்க, விசிறி காற்றில் மோதித் தடுக்க, அடிகள் சீராக விழும். அன்று அதிகாலை முக்கால் மணி அடிக்க வேண்டிய நேரத்தில் கால்மணித் தொகுதியின் விசிறி அச்சு முறிந்தது. தடை போனது. ஒரு டன்னுக்கு மேலான எடை தடையின்றிக் கீழே பாய, உருளை வெறிகொண்டு சுழன்று இருக்கையிலிருந்து பிய்ந்து பறந்தது. பல்சக்கரத் துண்டுகள் அறையெங்கும் தெறித்தன, வார்ப்பிரும்புச் சட்டம் உடைந்தது. அறையில் ஆளில்லாததால் உயிர் தப்பியது. திரும்ப முழுமையாக ஓட 1977 மே 9 ஆயிற்று.

காரணம் உலோகச் சோர்வு. நாளுக்கு 96 முறை கால்மணி. ஒவ்வொரு முறையும் அச்சு சுழன்று, சட்டென நின்று, முறுக்கை வாங்கியது. 117 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 41 லட்சம் முறை. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உள்ளே வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவு. விசிறி அச்சோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கக்கூடாது. அடி நின்றபின்னும் அது தனியே சில சுற்றுச் சுழன்று ஓய வேண்டும், அதற்குத்தான் தடைப்பல்லும் உராய்வு வில்லும். அடித்து ஓய்ந்ததும் விசிறியைப் பாருங்கள். உடனே அறைந்ததுபோல் நின்றால் அந்த ஏற்பாடு எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு அடியும் அச்சை முறுக்குகிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். இரண்டாவது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அச்சுகளைக் கழற்றிச் சாய ஊடுருவல் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால் கீறல் சிவப்புக் கோடாகத் தெரியும். வெல்டிங் பட்டறைகளில் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான். விட்டம் சட்டென மாறும் தோள்களையும் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஆப்பு செருகும் பள்ளங்களையும் குறிப்பாகப் பாருங்கள், கீறல் பிறப்பது அங்கேதான். மூன்றாவது, அடிக்கும் நேரத்தில் உருளைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

எண்ணெய்

குறைவாக இடுங்கள். அச்சு முனைகளில் துளியளவு. சக்கரப் பற்களில் வேண்டாம். மணிக்கூண்டுத் தூசி எண்ணெயில் கலந்தால் அரம்போல் பற்களைத் தின்னும். முகப்புக்குப் போகும் நீண்ட தண்டுகளின் கூம்புப் பற்களுக்கு மட்டும் மெல்லிய கிரீஸ். பழைய எண்ணெய்மேல் புதிது விடாதீர்கள், துடைத்தபின் விடுங்கள். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது, பிசினாகிக் கெட்டியாகிவிடும்.

நிறுத்துவதும் மறுபடி ஓட்டுவதும்

லண்டனில் ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் ஒரு மணி மாறும். அதற்காகச் சனி இரவில் முகப்பு விளக்கை அணைத்து, கடிகாரத்தை நிறுத்தி, அந்த மணிகளிலேயே பராமரிப்பு வேலைகளையும் முடித்துக்கொள்கிறார்கள். 2017 முதல் 2022 வரையான பெரிய மராமத்தில் இயந்திரத்தை முழுவதும் பிரித்துக் வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தார்கள். பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் முதல் காலத்து நீலம் தெரிய, கறுப்பாக இருந்த முட்களுக்கும் எண்களுக்கும் அந்த நீலத்தையே திரும்பத் தந்தார்கள். அதனால், எந்த மராமத்துக்கும் முன் பெயிண்டைச் சதுர அங்குல அளவில் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மணியின் விளிம்பில் உள்ள எழுத்து, சட்டத்தில் பதித்த பட்டறைப் பெயர், எண், ஆண்டு அனைத்தையும் தாளில் உரசி எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். பிக் பென்னின் விளிம்பில்கூட எடை, வார்த்தவர், மேற்பார்த்தவர், ஆண்டு நான்கும் இருக்கின்றன.

முள்ளைப் பின்னுக்குத் திருப்பாதீர்கள், மணியை விடுவிக்கும் நெம்புகள் வளையும். கடிகாரம் முந்தியிருந்தால் ஊசலை நிறுத்திக் காத்திருங்கள். பிந்தியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள், ஒவ்வொரு கால்மணியிலும் நின்று அடி முழுதும் முடிந்தபின் தொடருங்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் முள் ஒரு மணியும் அடி வேறொரு மணியும் சொல்லும். அப்போது அடிக்கும் தொகுதியைக் கையால் விடுவித்து விடுவித்து எண்ணிக்கை முள்ளோடு சேரும்வரை கொண்டுவர வேண்டியிருக்கும்.

மறுபடி ஓட்டும்போது ஊசலைத் தண்டின் கீழ்ப்பகுதியில் பிடித்து, அது ஆட வேண்டிய தளத்திலேயே இழுத்து, திருகாமல் விடுங்கள். இரு பக்கத் துடிப்பும் சம இடைவெளியில் விழுகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். நொண்டினால் ஊசலை இயந்திரத்தோடு இணைக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு கீழே இறங்கிவிடாதீர்கள். அடுத்த கால்மணி அடித்து, விசிறி ஓய்ந்து, முழு மணியின் முதல் அடி எந்த வினாடியில் விழுந்தது என்று நோட்டில் எழுதியபின் கதவைப் பூட்டலாம்.